லமாரா சாலையைத் திறந்த நாள்

ஸ்வானேதி மலையில் எங்கள் ஊரிலிருந்து கீழே இறங்க ஒரே சாலைதான். அதைத் திறப்பதா மூடுவதா என்று பதினாறு ஆண்டுகளாகச் சொல்லிவந்தவள் லமாரா. குளிர்காலம் முழுக்கத் தினமும் விடிந்ததும் சரிவில் ஏறி, இடுப்பளவு குழி வெட்டி, பனியின் அடுக்குகளை விரலால் குத்திப் பார்ப்பாள். அவளுக்கு அளவுகோல் பிடிப்பவன் நான்.

அந்த மார்ச்சில் அடிப்பனி சர்க்கரையாக உதிர்ந்தது. மேலே ஒரு மீட்டர் பனி ஒட்டாமல் கிடந்தது. இரவில் இறுகினால் காலையில் தாங்கும். வெயில் ஏறினால் மொத்தமும் வழுக்கிச் சாலைமேல் சரிந்துவிடும். லமாரா பதினோரு நாள் சாலையை மூடிவைத்தாள். ஒரு பிடி பனிகூடச் சரியவில்லை.

"என்ன லமாரா, மலை உன் பேச்சைக் கேக்கலியா?" என்றான் கடைக்கார அன்ஸோர், எல்லார் முன்னாலும். "கடையில மாவு இல்ல. பொம்பளைங்க என்னைத்தான் திட்டுறாங்க."

பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் அவள் தம்பி பிமுர்ஸ். பன்னிரண்டாம் நாள் காலை அவனும் அதையே பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ராத்திரி நல்லா இறுகியிருக்கு. நான் போய் மாவு லாரியைக் கூட்டிட்டு பத்து மணிக்குள்ள வந்துடறேன்."

குழியில் மேற்பனி இரண்டு விரல் கனம்தான் இறுகியிருந்தது. லமாரா என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்றே?"

"நீ சொன்னா சரி" என்றேன். எனக்கும் உருளைக்கிழங்கு தின்று அலுத்துப்போயிருந்தது.

"பத்துன்னா பத்துடா. அப்புறம் சரிவுக்குக் கீழ இருக்கிற அந்தப் பள்ளத்துப் பக்கம் நிக்கவே கூடாது."

"உத்தரவு தாயே!" சிரித்துக்கொண்டே போனான்.

திரும்பும் வழியில், பள்ளத்திலேயே லாரியின் சக்கரச் சங்கிலி அறுந்தது. மணி பத்தைத் தாண்டியதும் லமாரா வாக்கி-டாக்கியில் கத்தினாள். "விட்டுட்டு வாடா!"

"டிரைவர் வயசானவர், அக்கா. மேல ஏற அனுப்பிட்டேன். இதோ, ஒரு கொக்கிதான் பாக்கி."

மலை அதிர்ந்தது எங்களுக்கே கேட்டது.

டிரைவர் பிழைத்தார். மறுநாள் மதியம் நீளக் கம்பியால் பனியைக் குத்தித் தம்பியைத் தேடிக்கொண்டிருந்த லமாரா, "இங்க" என்றாள். மூன்று மீட்டர் ஆழம். அவள் கையிலிருந்த மண்வெட்டியை யாராலும் வாங்க முடியவில்லை.

ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அன்ஸோர் அவள் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனான்.

ஜூனில் தம்பி மனைவி மக்வாலா மகளைக் கூட்டிக்கொண்டு கீழே குத்தாயிஸி நகருக்கே குடிபோகப் புறப்பட்டாள். வேனில் ஏறப்போனவள் திரும்பி நின்றாள்.

"உனக்கு அன்னைக்கு சந்தேகம் இருந்துதா அண்ணி?"

"இருந்துது."

"அவர்கிட்ட சொன்னியா?"

"சொல்லல."

மக்வாலா வேனில் ஏறினாள். வேன் கிளம்பியது.

லமாரா வேலையை விடக் கேட்டு எழுதிப்போட்டாள். அந்த வேலையைப் பார்க்க வேறு ஆள் கிடைக்கவில்லை. நவம்பரில் முதல் பனி விழுந்ததும் நாங்கள் இருவரும் மறுபடி ஏறினோம்.