புளியங்கொட்டை எந்தக் கையில்

"ஒருத்தருக்கும் பாவம் பாக்காத ஆள் ஒராள் வேணும், ஐயா. கேட்ட இடமெல்லாம் உங்களைத்தான் சொல்லுகினம்" என்றார் துணுக்காயில் மாற்றுவலுவுள்ளோர் நிலையம் நடத்தும் இயன்மருத்துவர். முகத்தில் குறும்பு எதுவும் தெரியவில்லை. பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த காலத்தில், கையொப்பத்தின் கீழே திகதி இல்லையென்று விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வுபெற்ற பிறகாவது அந்தப் புகழ் எதற்கோ உதவட்டும் என்று பஸ் ஏறினேன்.

அங்கே வருகிறவர்களுக்கு அவர் மஜிக் பழக்கிக்கொண்டிருந்தார். விரலை மடக்கு, நீட்டு என்றால் ஒரு கிழமையில் சலித்துப்போகிறவர்கள், லேஞ்சித் துணியை விரல்களுக்குள் மறைக்கப் பழகுவதென்றால் பொழுது சாயும்வரை மடக்கி நீட்டுகிறார்களாம்.

உடையார்கட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் இருந்தார். யுத்தத்தில் செல் துண்டு பட்ட இடக்கையின் விரல்கள் சரியாக விரியா. சேலைத் தலைப்புக்குள் வைத்திருப்பார். புளியங்கொட்டை எந்தக் கையில் இருக்கிறது என்று தெரியாமல் செய்வது அவருடைய வித்தை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விசேட கல்விப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமைகளில் அதைப் பழக்க வரச்சொல்லியிருந்தார்கள். அவர் போகவில்லை.

"எல்லாரும் வேணுமெண்டு பிழையான கையைக் காட்டுகினம், ஐயா. நான் சந்தோசப்படோணுமாம். இப்பிடி வெண்டுபோட்டுப் பிள்ளையளுக்கு என்னத்தைப் பழக்கிறது? ஒராளையாவது மெய்யா ஏமாத்தினால்தான் போவன்."

நியாயம்தான். இவர்கள் எழுந்து நின்றாலே கைதட்டி, கையில் ஒரு சவர்க்காரப் பொதியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற சமூகம் நாங்கள்.

முதல் தடவை எனக்குச் செய்துகாட்டியபோது கொட்டை நிலத்தில் விழுந்தது. "விழுந்திட்டுது" என்றேன். எல்லாரும் என்னை முறைத்தார்கள்.

"ஐயா பென்சன் எடுத்தும் டியூட்டியை விடேல்லை" என்றார் சக்கர நாற்காலியிலிருந்த பெரியவர்.

அடுத்த தடவை வலக்கை முட்டி தேவைக்கு மேல் இறுகியிருந்தது. "வலது." சரி. அதற்கடுத்ததும் வலது. சரி. நான் சரியாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வாடவில்லை, தெளிந்தது. வியாழக்கிழமை தோறும் போய் ஈவிரக்கமின்றி வென்றுவிட்டு வந்தேன்.

ஒரு வியாழன், வலக்கையை மூடிக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வலது."

வலக்கை விரிந்தது. ஒன்றுமில்லை. பிறகு இடக்கை விரல்களை, மற்றக் கையின் உதவியில்லாமல், நடுங்க நடுங்க விரித்தார். கொட்டை அங்கே இருந்தது.

"பாவம் பாத்தியளோ, ஐயா?" கண்ணெடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னொருக்காச் செய்யுங்கோ பிள்ளை. இதில ஏதோ முறைகேடு இருக்கு!"

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே கோபம். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒருநாளும் நீங்கள் என்ரை இடக்கையைப் பாக்கேல்லை, ஐயா. மரியாதைக்கு மற்றப் பக்கம் பாப்பியள். அதாலதான் அதுக்குள்ள ஒளிச்சனான்."

அவர் இயன்மருத்துவர் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை எத்தினை மணிக்கு வரோணும் எண்டு பள்ளிக்கூடத்தில கேட்டுச் சொல்லுங்கோ."