திருமணத்துக்கும் மரணத்துக்கும் ஒரே கோப்பு

இராசநாயகம் ராகுலன், பிறப்பு 1986. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், வெள்ளவத்தையில் வசிப்பவர். காலி வீதியில் புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் பௌஸி என்பவர் நடத்தும் அறிவித்தல் இணையத்தளத்துக்கு நிரல் எழுதுவது அவரது தொழில். தமிழ்க் குடும்பங்களின் திருமணம், மரணம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை யாவும் அத்தளத்தில் வெளியாகும்.

ஒரு விடயத்தை இரண்டு இடங்களில் வைப்பது ராகுலனுக்கு ஒவ்வாது. தம் வீட்டின் மூன்று பூட்டுகளும் ஒரே திறப்பால் திறக்கும்படி செய்வித்தவர் அவர். ஆகவே, தளத்தின் கோப்புகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டன என்று பௌஸி முறையிட்டபோது மகிழ்ந்தார். நிபந்தனை தெளிவானது: கோப்புகள் ஒழுங்காக வேண்டும், தவறினால், ராகுலனுக்குக் கீழ் வேலை செய்யும் யதுஷாவிடம் தளத்தின் பொறுப்புப் போய்விடும்.

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதியை ராகுலன் முதலில் ஒரே கோப்பாக்கினார். அது சரியான காரியம். பின்னர் வார்ப்புருக்களை, அதாவது பெயரும் படமும் இட்டவுடன் பக்கமாகிவிடும் வெற்றுச் சட்டகங்களை, அருகருகே வைத்து ஆராய்ந்தார். திருமணத்துக்கும் மரணத்துக்கும் பெரிய வேறுபாடு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. இரண்டிலும் ஒரு படம். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரர் என்ற வரிசை. இன்ன இடம், இன்ன நேரம். உற்றார் உறவினர் வருக. இரண்டையும் ஒன்றாக்கினார். பிற்பாடு அவை வேறுபட நேரலாம் என்று யதுஷா மெல்லச் சொல்லிப் பார்த்தார். வேறுபட நியாயமில்லை என்று அவருக்கு விளக்கப்பட்டது.

சில கிழமைகள் குறையின்றிக் கழிந்தன. பின்னர் மரண வீட்டார் சிலர் கறுப்புக் கரையும், அனுதாபம் எழுதுவதற்கு ஒரு பெட்டியும் கேட்டனர். எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று ராகுலன் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றுதானே இருந்தது.

மறுநாள் காலை, மகளின் திருமணத்தை அறிவித்திருந்த வரதராசா தெஹிவளையிலிருந்து வந்து கதிரையில் அமர்ந்தார்.

“தம்பி, என்ர பிள்ளைக்குக் கலியாணம். கனடாவிலயிருந்து அனுதாபம் வந்துகொண்டிருக்கு.”

கோப்பு ஒன்றுதான், ஆகையால் மாற்றம் எல்லாப் பக்கங்களிலும் ஒரே சீராக வந்திருக்கிறது என்றார் ராகுலன்.

“ஓம், சீராத்தான் இருக்கு. மாப்பிளையின்ர சிநேகிதன் ஒருத்தனும் எழுதியிருக்கிறான். அவன் தெரிஞ்சுதான் எழுதினவன் போல.”

பௌஸி மன்னிப்புக் கேட்டு அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்.

“மௌத்து ஊட்டையும் கலியாண ஊட்டையும் ஒண்டாப் போட வாணாம், ராகுலன். பின்னேரத்துக்குள்ள பிரிச்சு வைங்க.”

ராகுலன் பிரித்தார். அத்தகைய அவமானம் இனி நேராதிருக்க, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கோப்புறை, அதற்குள் தனி வார்ப்புரு, தனித் தலைப்பகுதி என அமைத்தார். கோப்புறைகளுக்குக் குடும்பத்தின் பூர்வீக ஊரைப் பெயராக இட்டார். ஊர் ஒன்றாயின் வட்டாரமும் சேர்ந்தது.

இதைக் கண்ட பௌஸி பொறுப்பை யதுஷாவிடமே கொடுத்தார். யதுஷாவோ கொழும்பை அன்றி வேறு ஊர் அறியாதவர். திருத்தம் கேட்டு அழைத்தவர்களிடம், கோப்புறையைக் கண்டுபிடிப்பதற்காக, ஊர் எது, அதில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். சாதியை அறியத்தான் கேட்கிறார் என்று தாமாகவே விளங்கிக்கொண்டவர்கள் அழைப்பைத் துண்டித்தார்கள். கேளாமலே எல்லோரது ஊரையும் அறிந்திருந்தவர் ராகுலன் ஒருவரே. நான்காம் நாள் பொறுப்பு அவரிடம் திரும்பி வந்தது. சம்பளமும் சற்று உயர்ந்தது.

2025 செப்டெம்பரில், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் உள்ள அலுவலகத் தொலைபேசி இலக்கம் மாறியது. ராகுலன் அகர வரிசையில், கோப்புறை கோப்புறையாக, அராலியிலிருந்து தொடங்கினார். 2025 நவம்பர் 19ஆம் திகதி மானிப்பாய் வடக்கைத் திருத்தி முடித்தார்.