பன்னிரண்டாவது பாட்டில்

ஐப்பசி வந்தால் போதும், கரையான்சாவடியில் அந்தத் தெருவே செத்தவர்களுக்குச் சமைக்க ஆரம்பித்துவிடும். எதிர்வீட்டு ஜெபா, கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறையில் வைக்க முறுக்கு சுடுவாள். டீக்கடை ஷவுகத் அலி வீட்டில் அவர் அம்மாவின் நினைவுநாளுக்குப் பாத்தியா ஓதுவதும் இந்த வருஷம் அதே வாரத்தில் வந்தது, நெய்ச்சோற்று வாசனை தெருமுனை வரை. கோமளா தீபாவளிக்கு முந்தின நாள் படையல் போட்டாள். புருஷன் ரகுநாதன் போய், வருஷத் திதியும் முடிந்து, அவருக்குப் போடும் முதல் படையல்.

தலைவாழை இலையில் இட்லி, வடை, அதிரசம், கறிக்குழம்பு. பக்கத்தில் புது வேட்டி சட்டை. எல்லாம் லட்சணமாக அமைந்த நேரத்தில்தான் ரகுநாதனின் அண்ணன் தட்சிணாமூர்த்தி வந்தார், செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலோடு. நேராகப் போய் அதை இலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"மாமா, அத எடுத்துடுங்க" என்றாள் கோமளா.

"இன்னாம்மா பேசற? எந்தம்பி ஆசையா குடிச்சது. அது இல்லாம படையலா? வைக்கலன்னா நான் கற்பூரம் ஏத்த மாட்டேன், ஆமா."

வீட்டுக்கு மூத்த ஆண்தான் கற்பூரம் ஏற்ற வேண்டும். அது அந்தக் குடும்பத்து வழக்கம். படைத்ததை வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும் என்பதும் வழக்கம்தான். அந்தப் பாட்டில் கடைசியில் யார் வயிற்றுக்குப் போகும் என்று கோமளாவுக்குத் தெரியாதா என்ன?

ஒரு காலத்தில் ரகுநாதன் குடித்த குடி கொஞ்சநஞ்சம் இல்லை. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. பட்டப்பகலில் மேம்பாலத்துக்கு அடியில் விழுந்து கிடந்த மனிதரை இரண்டு தடவை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். மூன்றாவது தடவை அவராகவே எழுந்து உட்கார்ந்து, "போதும் கோமளா, இனிமே தொடமாட்டேன்" என்று அழுதார். சொல்வது சுலபம். சாயங்காலம் ஆறு மணி அடித்தால் கை நடுங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை முடித்ததும் கோமளா வீட்டுக்குப் போக மாட்டாள். நேராகப் பட்டறை வாசலுக்குப் போய் அவர் கையைப் பிடித்து, பஸ் ஏற்றி, ஷவுகத் அலி கடைக்கு இழுத்து வருவாள். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, இரண்டு பட்டர் பிஸ்கட், எட்டு மணி வரை பேச்சு. பொண்டாட்டி கையைப் பிடித்து நடக்கிறான் பார் என்று ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று நாலு மாதம் அப்படியே நடந்தாள். அதற்கப்புறம் சாகிற வரை, பதினோரு வருஷம், அந்த மனிதர் ஒரு சொட்டு தொடவில்லை.

இப்போது அந்தப் பதினோரு வருஷத்தையும் ஒரே பாட்டிலில் கரைத்துவிடப் பார்க்கிறாரே இந்த மனுஷன்!

அப்போது ஷவுகத் அலி கண்ணாடி கிளாஸில் டீயோடு உள்ளே வந்தார். "எங்கம்மா பாத்தியாவுக்கு அவுங்களுக்குப் புடிச்சதுதாம்மா ஆக்கினோம். ரகுவுக்குப் புடிச்சது எங்க கடை டீ. இத வை."

"பாய், எந்தம்பி குடிக்கறத வுட்டான்னு ஊர ஏமாத்திகினு இருந்தான்" என்று தட்சிணாமூர்த்தி சிரித்தார். "வருசா வருசம் தீபாவளிக்கு நான் வாங்கியாந்து குடுப்பேன். சிரிச்சிகினே வாங்கிக்குவான். குடிக்காமயா?"

ஓஹோ, சங்கதி இதுதானா! தம்பி குடித்ததாகவே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையை அண்ணனிடம் சொல்லவே கூடாது என்று ரகுநாதன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். கோமளா இலைக்குப் பின்னால் இருந்த அவர் போட்டோவைப் பார்த்தாள். மன்னிச்சுக்குங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மாமா, சமையல்கட்டு ஜன்னலாண்ட வாங்க."

ஜன்னல் கம்பியில் வரிசையாகப் பாட்டில்கள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர், தண்ணீரில் மணிபிளான்ட். தட்சிணாமூர்த்திக்குத் தெரியாத செடியா? 'நல்லா வருதே' என்று எத்தனையோ தடவை புகழ்ந்திருக்கிறார்.

"செடியப் பாக்காதீங்க, பாட்டிலப் பாருங்க. எண்ணிக்குங்க."

பதினொன்று. லேபிள் கிழித்திருந்தாலும் அந்தச் சதுர பாட்டில் அவருக்குத் தெரியாததா? ஒவ்வொன்றும் அவர் கையால் வாங்கிக் கொடுத்தது.

"நீங்க தெருமுனை தாண்டினதும் மூடியத் திறந்து சாக்கடையில ஊத்திடுவாரு மாமா. அப்புறம் கழுவி செடி வைப்பாரு. வேணாம்னு அண்ணன்கிட்டயே சொல்லிடுங்கன்னு நான் சொன்னா, அண்ணன் ஆசையா குடுக்குது, மூஞ்சி சுருங்கிடும்னு சொல்வாரு. என் புருஷன் ஜெயிச்ச மனுஷன். அவர்கிட்ட தோத்தத அவர் இலையில வைக்க வுடமாட்டேன். நீங்க ஏத்தலன்னா கற்பூரத்த நானே ஏத்துறேன். யாரு இன்னா சொன்னாலும் சரி!"

தட்சிணாமூர்த்தி ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். கூடத்துக்குப் போய், தான் கொண்டுவந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். சாக்கடையில் கடகடவென்று ஊற்றும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குழாயடியில் மூன்று தடவை கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஒரு கொடி கிள்ளிக் குடும்மா."

கோமளா கிள்ளிக் கொடுத்தாள். பன்னிரண்டாவது பாட்டில் செடியோடு போட்டோவுக்குப் பக்கத்தில் நின்றது, ஷவுகத் அலி கொண்டுவந்த டீ இலைக்குப் பக்கத்தில். தட்சிணாமூர்த்தி தலைக்கு மேல் கைகூப்பி, "கில்லாடிடா நீ! அண்ணனையே ஏமாத்திட்டியேடா!" என்று உரக்க அழுதார். பிறகு கற்பூரம் ஏற்றினார்.

கற்பூரம் அடங்கியது. படைத்ததை யாராவது எடுக்க வேண்டுமே. அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"சக்கர தூக்கலா கீதே பாய்."

"அவருக்கு அப்டித்தான் வேணும்" என்றாள் கோமளா.