இன்னொரு கட்டு, அப்புறம் கன்ட்ரோல் ரூம்

காவல் துறையில் சேரும்போது கையில் ஒரு லத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்குள் பாதி சர்வீஸ் போய்விடுகிறது.

நான் மயிலாப்பூர் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் எஸ்.ஐ. கோபமாக வருகிற மனிதர் எதிரில் நின்று சம்பளம் வாங்குகிற எல்லோரும் என் இனம்தான். பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண், மின்வெட்டு அன்று ஃபோன் எடுக்கிற மின்வாரிய ஊழியர். உங்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. என்ன, எங்கள் கையில் ஒரு கம்பு இருக்கிறது. அதனால் எங்கள் பாடு சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

விதிப்படி ஓர் அடி

தீபாவளி நெருங்கும்போது தி. நகர் ரங்கநாதன் தெருவில் யாரும் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போய் எங்காவது இறக்கிவிடும். பிக்பாக்கெட் பிடிக்க மஃப்டியில் போயிருந்தேன். கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. எங்கள் ஸ்டேஷன் ஏட்டு கௌஸ் சீருடையில் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, ஸ்டேஷனில் சென்னைத் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

ஓர் அம்மாளின் கைப்பைக்குள் கை விட்டவனை எட்டிப் பிடித்தேன். திமிறினான். இரண்டு பேரும் விழுந்தோம். அவன் முதலில் எழுந்துவிட்டான். ஓட விடாமல் அவன் கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தேன். கௌஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். தலையில் அடிக்கக் கூடாது, முட்டிக்குக் கீழேதான் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். கௌஸ் விதிப்படி முட்டிக்குக் கீழே அடித்தார். அங்கே என் மணிக்கட்டு இருந்தது.

நான் போட்ட கூச்சலில் திருடனே பயந்து உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு போடும்போது கௌஸ் கண் கலங்கப் பக்கத்தில் நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார். உங்க கைன்னு தெரியாது. பப்ளிக்குன்னு நெனச்சிட்டேன்."

ஸ்டெல்லாவின் சட்டம்

என் மனைவி ஸ்டெல்லா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாவுக்கட்டோடு நான் படியேறுவதை மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கு முன் ஓர் ஊர்வலத்தில் செங்கல் பட்டுப் புருவத்தில் தையல். அதற்கும் முன் ஒரு போதை ஆசாமி தோளில் கடித்த கடி. இரண்டுக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை சொன்னாள்.

"இன்னும் ஒரு கட்டோட இந்தப் படி ஏறினீங்கன்னா, மறுநாளே கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றல் கேக்கறீங்க. மாதா மேல சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன்.

கன்ட்ரோல் ரூம் நல்ல இடம். ஏ.சி. உண்டு, செங்கல் வராது. முன்பு ஒரு முறை அங்கே இருந்திருக்கிறேன். ஃபோனில் ஒரு பெண் அழுவாள். வண்டி அனுப்புவோம். அப்புறம் அவளுக்கு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியாது, அதற்குள் அடுத்த ஃபோன். கதைகளின் முதல் வரியை மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. எனக்குத் தெரு வேண்டும். கதை எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டுப் பிரித்த நாளிலிருந்து வாசலில் தினமும் பரிசோதனை. "கையைத் தூக்குங்க. திரும்புங்க. காலரை இறக்குங்க." சத்தியத்தைப் பற்றிக் கௌஸிடம் சொன்னேன்.

"பெரிய ஆபீசர் ஆர்டர்னா கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கலாம். இதுக்கு எங்க சார் போவீங்க?"

மாட வீதியில் ஒரு கடி

ஒரே வீட்டில் அண்ணன் மாடியில், தம்பி கீழே. இருவரும் ரிட்டயர் ஆனவர்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தம்பியின் வடாம் நனைந்துவிட்டது. தம்பி மெயின் சுவிட்சை அணைத்தார். அண்ணன் கைத்தடியோடு இறங்கி வந்தார். யாரோ நூறுக்கு ஃபோன் போட்டார்கள். நாங்கள் போனபோது இருவரும் ஆளுக்கு ஒரு முனையில் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு, "நீ விடு," "நீ முதல்ல விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் புகுந்து தடியை வாங்கப் பார்த்தேன். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு வெள்ளைப் பஞ்சு உருண்டை பாய்ந்து வந்து என் பேன்ட்டைக் கவ்வியது. கிழிந்த சத்தம் கேட்டதும் எனக்குக் கன்ட்ரோல் ரூம் கண் முன் வந்தது. சகோதரர்கள் சண்டையை மறந்து, "அச்சச்சோ" என்று தடியைப் போட்டுவிட்டு நாயைப் பிடித்தார்கள். கௌஸ் மண்டியிட்டு என் காலை டார்ச் அடித்துப் பார்த்தார். "தோல் போகல சார்! துணிதான்!" என்று அவர் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

தம்பியின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு என்னைவிட நாயின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதில்தான் கவலை.

"அது போலீஸையெல்லாம் ஒண்ணும் பண்ணாது சார். காக்கியைப் பார்த்துட்டு போஸ்ட்மேன்னு நெனச்சுண்டுடுத்து."

ஓங்கினால் போதும்

பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை ரோந்து. கல்லூரிப் பையன்கள் சிலர் கௌஸைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரை வைத்து ஒரு ரீல்ஸ் எடுக்க வேண்டுமாம். "அண்ணே, அடிக்க வேணாம், ஓங்கினா போதும். நான் ஓடுவேன், இவன் எடுப்பான்." கௌஸுக்கு நடிப்பு ஆசை உண்டு. என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அவர் ஓங்கினார்.

பையன் ஓடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கௌஸ் லத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இன்னாடா, சும்மாதானே" என்றார். பையன் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவனும் சிரித்தான்.

"சும்மான்னு தெரியும்ண்ணே. கை தானா தலைக்குப் போயிடுச்சு."

இளநீர்

அடையாறில் ஒரு பந்தோபஸ்து முடிந்து ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலுக்கு முன்னால் கூட்டம். ஓர் ஆட்டோ டிரைவர் இளநீர்க் கத்தியோடு நடுரோட்டில் நின்றார். எதிரே ஒரு கார், கண்ணாடிகள் ஏற்றப்பட்டு, உள்ளே ஒருவர் வியர்த்துக்கொண்டு. இலேசான உரசல்தான். கார்க்காரர் இறங்கி வந்து ஆட்டோக்காரரைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். அவர் பக்கத்து இளநீர் வண்டியிலிருந்து கத்தியை எடுத்துவிட்டார்.

"எல்லாரும் பாத்துக்கினு கீறாங்கோ, செவுள்ல உட்டான் சார். கிட்ட வராதே! யார் வந்தாலும் கீசிடுவேன்!"

கௌஸின் லத்தி மேலே போனது. கோபத்தில் ஓங்குகிறோம் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது பயம். எனக்கும் பயம்தான். கத்தி பயம், அது பட்டால் போட வேண்டிய கட்டு இன்னும் பெரிய பயம். "கௌஸ், தி. நகர்ல என் கை," என்றேன். லத்தி இறங்கியது. நான் அந்தப் பயத்திலேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அது நல்ல யோசனை என்று தோன்றியது.

"நைனா, வெயில் தாங்கல. ஒரு எளநி வெட்டு," என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். "கத்தி அவங்கையில கீது சார்," என்றார் அவர். "அப்ப அவரே வெட்டட்டும்." வண்டிக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு காயை நீட்டினார். ஆட்டோக்காரர் அதை வாங்கி, என்னைப் பார்த்து, காயைப் பார்த்து, வெட்டினார். வெட்டியதை ஒரு கையால் கொடுத்தால் சிந்தும். கத்தியை வண்டியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார். கௌஸ் போய்க் கத்தியின் முன்னால் நின்றுகொண்டார். "நீயும் உக்காரு," என்றேன். ஆட்டோக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கார்க்காரரை இறக்கி அவரையும் தரையில் உட்கார வைத்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்து யாருக்கும் அவ்வளவு சத்தமாகக் கத்த வரவில்லை. அறைக்கும் கத்திக்கும் ஸ்டேஷனில் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

இளநீர்க்காரருக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"இன்னா சார் வெட்டு இது? பாதித் தண்ணி ரோட்ல கீது."

கொடியேற்றம்

வீட்டில் ஸ்டெல்லாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன், கத்தியை மட்டும் எடுத்துவிட்டு. கோபமாக இருந்த ஓர் ஆளை உட்கார வைத்தேன், இளநீர் குடித்தோம், அவ்வளவுதான். "உக்கார வெச்சா அடங்கிடுவாங்களா?" என்று கேட்டாள். "நின்னாத்தான் தள்ள முடியும். உக்காந்தவன் எப்படித் தள்ளுவான்?" என்றேன். தலையாட்டிக்கொண்டே என் காலரை இறக்கிப் பார்த்தாள்.

பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு, வேண்டுதல்காரர்கள் எல்லோரையும்போலக் காவிப் புடவை கட்டிக்கொண்டு அவள் தன் பங்குக் கோயில் பெண்களோடு வந்திருந்தாள். நான் பந்தோபஸ்தில் முன்வரிசைத் தடுப்பில். எங்களோடு புதிதாகப் பணிக்கு வந்த கான்ஸ்டபிள்கள். கொடி மேலே போகத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் இடமில்லை என்று தெரியாது. தடுப்பின் சவுக்குக் கட்டை ஒன்று முறிந்தது. முன்வரிசைப் பெண்கள் எங்கள் மேல் சரிந்தார்கள். அந்தப் பெண்களில் ஸ்டெல்லாவும் இருந்தாள். புதியவர்கள் லத்தியை ஓங்கிவிட்டார்கள். அது இறங்கினால் முன்னால் இருப்பவர்கள் திரும்பி ஓடுவார்கள். அவ்வளவு பேர் எதிரே வரும்போது ஓடுவதற்கு எங்கே இடம்? குழந்தைகள் இருந்தார்கள். "கையை இறக்கு! இறக்கு!" என்று கத்தினேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கௌஸ் தன் லத்தியைத் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் புதிய கான்ஸ்டபிள் பையன்கள் இருவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஸ்டெல்லாவின் வகுப்பறைக் குரல் கேட்டது. "எல்லாரும் உக்காருங்க! நின்ன இடத்துலயே உக்காருங்க! செபமாலையைக் கையில எடுங்க!" முதலில் அவளே உட்கார்ந்தாள். அவளைச் சுற்றியிருந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால் என்று காவி நிறம் வரிசை வரிசையாகத் தாழ்ந்துகொண்டே கடற்கரைப் பக்கம் போனது. உட்கார்ந்தவர்களைத் தாண்டி யாரும் தள்ளவில்லை. ஓங்கிய லத்திகளைப் பிடித்தபடி புதியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்புறம் அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒருவரைத் தவிர. பக்கத்தில் இருந்த பருமனான அம்மாள் அவசரத்தில் ஸ்டெல்லாவின் கணுக்கால் மேல் உட்கார்ந்துவிட்டார். முதலுதவிக் கூடாரத்தில் நல்ல வெள்ளைக் கட்டாகப் போட்டார்கள். ஜீப்பில் வீட்டுக்குக் கூட்டி வந்து, நான் ஒரு பக்கமும் கௌஸ் ஒரு பக்கமுமாகத் தாங்கிப் படியேற்றினோம். முதல் மாடித் திருப்பத்தில் கௌஸ் நின்றார். பாவம், ரொம்ப நேரமாக அடக்கிவைத்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். சட்டப்படி பாத்தா இப்ப நீங்கதான் கன்ட்ரோல் ரூமுக்குப் போகணும்."

ஸ்டெல்லா சிரித்ததில் மூன்று பேரும் படியில் உட்கார வேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கிய பிறகு கட்டைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தப் பசங்க கம்பை ஓங்கினப்ப அவங்க மூஞ்சியைப் பாத்தேங்க. எங்களைவிட அவங்கதான் பயந்து போயிருந்தாங்க. அவங்க பக்கத்துல நாளைக்கும் யாராவது நின்னாகணும். நீங்க அங்கயே இருங்க."

உட்கார்ந்தால் யாருக்கும் கோபம் தணிந்துவிடும் என்று இப்போது புதிதாக வருகிற கான்ஸ்டபிள்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன். எங்கள் வீட்டில் அதைக் கடைப்பிடிக்கிற ஒரே ஆளும் நான்தான்.