கிழியாத கழுதை

அம்மாவின் செல்போனில் ஒரு வீடியோ ஓடியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மெக்சிகோவில் ஏதோ ஒரு வீட்டு முற்றம். கயிற்றில் ஒரு காகிதக் கழுதை தொங்குகிறது. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்பிள்ளை கம்பால் அதை அடி அடியென்று அடிக்கிறாள். கழுதையின் வயிறு கிழிந்து மிட்டாயாகக் கொட்டுகிறது. கிழவர் முதல் தவழும் குழந்தை வரை தரையில் விழுந்து பொறுக்குகிறார்கள், அப்படி ஒரு சிரிப்பு! நம்மூர் உறியடிதான். ஆனால் இதை வீட்டுக்குள்ளேயே நடத்தலாம். அத்தையைச் சிரிக்க வைக்க இதை விட்டால் வேறு வழி இல்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். நான் அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். முடிவு செய்வதற்கு எனக்கு ஒரு நிமிடமே அதிகம்.

அத்தை அப்பாவின் தங்கை. வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கோடையில் ஒருநாள் மத்தியானம் கைப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவள், பின்னறையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சங்கரன்கோவில் வெயிலில் மணிக்கட்டுவரை மூடிய தொளதொள சட்டை. கேட்டால் குளிருகிறதாம். காய்ச்சல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். “புருஷன் பொண்டாட்டி சண்ட, நாலு நாள்ல சரியாப் போயிரும்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்ததும் உண்மைதான். ஞாயிறு சாயங்காலம் மாமா வந்து அவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. எனக்கு அதுவரைதான் நேரம். அதற்குள் அத்தை அந்த அறையைவிட்டு வெளியே வந்து, பழையபடி ஒரு தடவையாவது சிரித்தாக வேண்டும்.

வேலையில் இறங்கினேன். சப்பாத்தியை அரைவட்டமாக மடித்து நடுவில் தட்டாம்பயறு மசாலா. வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் பொடிப்பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தது ஒரு கிண்ணம். அதைப் பார்த்த அம்மா, “இது பச்சடில்லாட்டி? இதுக்கு எதுக்கு மெக்சிகோ வரைக்கும் போன?” என்றாள். சொன்னாளே தவிர, மாவு பிசைந்ததும் அவள்தான். தொப்பிக்குப் பனைநார்ப் பெட்டியின் மூடிகள். தோரணத்துக்கு, எங்கள் வீட்டு முன்கட்டில் ஓடும் நான்கு விசைத்தறிகளும் கழித்துப்போட்ட நூல்: ஊதா, மஞ்சள், பச்சை, நீலம்.

மிச்சம் கழுதைதான். பலூனை ஊதி அதன்மேல் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

“என்னட்டி இது, காயிதத்துல? ஒரு அடி தாங்குமா?”

“தாங்கக் கூடாதுப்பா. கிழியணும்.”

அவருக்கு அது ஏறவேயில்லை. எங்கள் வீட்டில் ‘கிழிந்தது’ என்பது சரக்கைத் திருப்பி அனுப்பும் வியாபாரி சொல்லும் சொல். கிழிவதற்கென்றே ஒரு பொருளைச் செய்வார்களா? தறியில் துண்டு நெய்ததில் கழிவாக விழுந்த துணியை எடுத்துவந்தார். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற மாதிரி கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினார். காகிதத்துக்கு மேல் இரண்டு அடுக்குத் துணி ஒட்டி, நூல் சுற்றிவரும் அட்டைக் கூம்புகளைக் காலாகவும் காதாகவும் வைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டார். காய்ந்ததும் விரலால் சுண்டினார். பலகைபோல் டொக்கென்றது. “இனி எவன் அடிச்சாலும் கிழியாது” என்றார். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் நான் மிட்டாய்ப் பையை எடுத்து நீட்டினேன். உள்ளே தேன்மிட்டாயும் கடலைமிட்டாயும் போட்டு வயிற்றை அவரே தைத்தும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு ஓய்வு. தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

“ஏ, இது கழுதையா, பன்னியா?” என்றான் எதிர்வீட்டுப் பையன்.

“அடிச்சுப் பாருலே, தெரியும்.”

அடித்தான். கம்புதான் அதிர்ந்து கையைவிட்டுத் தெறித்தது. ஒவ்வொருவராக அடித்தோம். கழுதை ஆடியது, சுற்றியது, எதிர்வீட்டுப் பையனை முட்டித் தள்ளியது, கிழியவில்லை. கடைசியில் அப்பாவே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கி நாலு போடு போட்டார். நூல்கூடப் பிரியவில்லை. தோற்ற வெட்கத்தைவிட நெய்கிறவரின் பெருமைதான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது. “சொன்னேம்லா!” என்றார்.

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. அத்தை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவள் தலையில் பெட்டிமூடியைக் கவிழ்த்து, கையில் கம்பைக் கொடுத்தேன். கண்ணைக் கட்டத் துணியை எடுத்தேன். “வேண்டாம் மக்கா, பாத்தே அடிக்கேன்” என்றாள்.

அந்நேரம் வாசலில் மாமாவின் பைக் வந்து நின்றது. அத்தை அவரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஆனால் உள்ளே ஓடவில்லை. கம்பைத் தலைக்குமேல் ஓங்கினாள். தொளதொள சட்டைக்கை சரிந்து முழங்கைவரை இறங்கியது. கையெல்லாம் ஊதா, மஞ்சள், பச்சை.

“அத்த, கையில சாயம் ஒட்டிருக்கு!” என்று நான் கத்தினேன்.

அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அடிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளின் கூச்சல்கூட அடங்கிவிட்டது, அடி விழும் சத்தம் மட்டும்தான். அப்போதும் கழுதை கிழியவில்லை. கயிறுதான் அறுந்தது. முழுக் கழுதையும் விழுந்து உருண்டு மாமாவின் காலடியில் போய் நின்றது.

அப்பா போய் அதை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார். “நீங்க கெளம்புங்க மாப்ள. அவ வரமாட்டா.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா வாசலைவிட்டு நகரவில்லை. “அடுத்த ஞாயித்துக்கெழம பெரியாளுகளக் கூட்டிட்டு வாரேன், அப்ப பேசிக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டு மாமா பைக்கைத் திருப்பினார். அம்மா கத்தரிக்கோலால் கழுதையின் வயிற்றை வெட்டித்தான் எங்களுக்கு மிட்டாய் கிடைத்தது. அத்தை எங்களோடு தரையில் உட்கார்ந்து மடித்த சப்பாத்தி மூன்று தின்றாள்.

என் பார்ட்டி பிடித்துப்போய்த்தான் அவள் தங்கிவிட்டாள் என்று நான் நம்பினேன். நூல் சாயம் சட்டைக்குள்ளே எப்படிப் போயிருக்கும், அதைப் பார்த்து அப்பா ஏன் அத்தையை அனுப்ப மறுத்தார் என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. அது சாயமே இல்லை என்று விளங்க இன்னும் சில வருடங்கள் ஆயின. அன்றைக்கு என் கணக்கு எளிது: ஒரு பார்ட்டி வைத்தால் அத்தை ஒரு வாரம் இருப்பாள். மாமா அடுத்த ஞாயிறு வருகிறார். ஆகவே அடுத்த ஞாயிறு இன்னொரு பார்ட்டி, இன்னொரு கழுதை.

மறுநாள் காலையிலேயே அப்பாவிடம் போய், இந்தத் தடவை வெறும் காகிதம்தான், துணி கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அவர் அதற்குள் துணியை வெட்ட ஆரம்பித்திருந்தார். நிமிரவில்லை.

“பெரியாளுகல்லாம் வாராவல்லா? மூணு அடுக்கா வைப்போம்” என்றார்.