நுரையக்காவும் கண்ணாடி வைத்த மிஷினும்

நுரையக்கா சோபா சுத்தம் செய்கிறவர். சோபா துவைக்கிறவர் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் உடனே திருத்துவார்.

"துவைக்கறதெல்லாம் துணியைத்தான். சோபாவைத் துவைச்சா உள்ள இருக்கற ஸ்பாஞ்சு தண்ணியைக் குடிச்சுட்டு நாலு நாளைக்கு நாறும். அழுக்குகிட்ட நைசாப் பேசி வெளிய கூட்டிட்டு வரணும்."

பதினொரு வருடமாக அவர் அப்படித்தான் பேசிக் கூட்டிவந்துகொண்டிருந்தார். அதற்கு முன் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. கறையைப் பார்த்த மாத்திரத்தில் அது காப்பியா, சாஸா, ஷூ பாலிஷா என்று சொல்லும் கண் அங்கே வாய்த்தது. ஹோட்டலை மூடியதும் சொந்தமாக இறங்கிவிட்டார். ஒரு வாளி, இரண்டு ஸ்பாஞ்சு, ஒரு கட்டு வெள்ளைத் துண்டு, ஏழெட்டுப் பழைய டூத் பிரஷ், மருந்துக்கடை ஸ்பிரிட் ஒரு புட்டி, சூயிங்கம் சுரண்ட ஒரு மழுங்கின கத்தி. அவ்வளவுதான் முதலீடு. வாளியில் சோப்பை அடித்துக் கலக்கி, தண்ணீரை விட்டுவிட்டு மேலே திரண்டு நிற்கும் நுரையை மட்டும் அள்ளிப் பூசுவார். பட்டப்பெயர் அதனால் வந்தது.

நான் அவருக்கு நேர் கீழ்வீடு. அவர் மாடியில் துண்டை உதறினால் என் ஜன்னலில் சாரல் அடிக்கும். நடந்ததெல்லாம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்ததற்கு அந்த அண்டைவாசம்தான் காரணம்.

விலை உயர்ந்த மிஷின்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நுரையக்கா உதட்டைப் பிதுக்குவார். "காரை வித்து அதை வாங்கணும், அப்புறம் அதைத் தூக்கிட்டுப் போகக் கார் வேணும்" என்பார். வெளிநாட்டு மிஷின் வைத்திருப்பவர்கள் மோட்டார் சத்தத்துக்கே பாதிக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பது அவர் கட்சி.

போன வருடம் வீட்டுச் சாமான் கண்காட்சிக்கு அவரும் அவர் கணவரும் போனார்கள். கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கே கூட்டம் தெரிந்தாலும் என்னவென்று பார்க்காமல் நகரமாட்டார். ஒரு மூலையில் கூட்டம் இருந்தது. விற்பனையாளர் ஒருவர், முப்பது வயதிருக்கும், வெளிர்மஞ்சள் சோபாவில் காப்பியைக் கொட்டி மிஷினால் உறிஞ்சிக் காட்டிக்கொண்டிருந்தார். காப்பி போனது. தக்காளி சாஸும் போனது. முன்வரிசையில் நின்ற ஒருவர் சட்டைப்பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, சோபாவில் சாவகாசமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, "இதை எடுங்க பாப்போம்" என்றார்.

விற்பனையாளர் எடுக்கப் பார்த்தார். கோடு வெறும் கோடாக இருந்தவரை பரவாயில்லை. வெந்நீர் பட்டதும் அது நீலத் திட்டாகி உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. அவர் முகத்தில் வேர்வை. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

நுரையக்காவுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆளுக்காக அல்ல, சோபாவுக்காக. "கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்று முன்னால் போனவர், கைப்பையிலிருந்து ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்தார். தேய்க்கவில்லை. ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றி ஒற்றி எடுத்து, நீலமான பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு, மறுபடி ஒற்றல். பத்து நிமிடத்தில் திட்டு இருந்த இடம் தெரியவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். கணவர் பக்கத்தில் நின்றவரிடம், "நம்ம வீட்டம்மாதான்" என்றார்.

விற்பனையாளர் கோபப்படவில்லை. கூட்டம் கலைந்தபின் வந்து, "ரொம்ப நன்றிக்கா. இந்தத் தொழில்தானா?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷமா."

"நீங்க சுத்தம் பண்ண சோபா ஒண்ணு எனக்குக் காட்ட முடியுமா? சும்மா ஒரு தடவை என் மிஷினை மேல ஓட்டிப் பாக்கறேன். விக்கறதுக்கு இல்ல. தெரிஞ்சுக்கத்தான்."

"எங்க வீட்டு சோபாவே இருக்கு. போன வாரம்தான் பண்ணேன். தாராளமா வாங்க. ஒண்ணும் வராது."

மறுநாள் காலை அவர் வந்தார். மிஷினைப் படியேற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். சின்னக் குளிர்சாதனப் பெட்டி கனம் இருந்தது. அது வெந்நீரைப் பீய்ச்சி, அடுத்த நொடியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கையில் பிடிக்கும் முனையில் கண்ணாடி போல ஒரு சின்ன ஜன்னல். என்ன போகிறது என்று அதன் வழியாகப் பார்க்கலாம்.

முதல் இழுப்பிலேயே ஜன்னல் பழுப்பானது. இரண்டாவதில் இன்னும் கறுத்தது. கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாளா டீ மேலயா உக்காந்திருந்தோம்?" என்றார்.

நுரையக்கா சிரிக்கவில்லை. தொட்டியில் சேர்ந்த தண்ணீரை வாளியில் ஊற்றச் சொல்லி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். விரலை விட்டு மோந்தார். விற்பனையாளர் சங்கடத்தோடு, "மேல சுத்தமாத்தான்கா இருந்துச்சு. இது அடியில இருக்கறது" என்றார்.

"அடியில இருக்கறதும் சோபாதானே தம்பி" என்றார் அக்கா. பிறகு, "இந்த மிஷினை ஒரு வாரம் எங்கிட்ட விட்டுட்டுப் போக முடியுமா?" என்று கேட்டார்.

அந்த ஒரு வாரம் அவர் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தார். மிஷின் படாத பக்கமாகப் பார்த்து, சோபாவில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டாயிற்று. முதல் கட்டத்தில் அக்காவின் கைவேலை மட்டும். இரண்டாவதுக்கு என்னிடமிருந்த சின்ன உறிஞ்சும் மிஷினை வாங்கிப் போனார். ஏதோ தள்ளுபடியில் வாங்கி அலமாரி மேல் போட்டுவைத்திருந்தேன். மூன்றாவதில் பெரிய மிஷினும் அதோடு வந்த விலை கூடின திரவமும். நான்காவதில் பெரிய மிஷின், ஆனால் வெந்நீரில் அக்காவின் சாதா சோப்பு மட்டும். எல்லாம் காய்ந்ததும் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பெரிய மிஷினை வெறும் தண்ணீரோடு ஓட்டி, வந்ததை நான்கு கண்ணாடிக் குப்பிகளில் பிடித்தார். எது எது என்று அடியில் சீட்டு ஒட்டி, ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எது எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு என் கண்ணு மேலேயே இப்ப நம்பிக்கை இல்ல."

முதல் குப்பியைச் சொல்வது கஷ்டமாக இல்லை. பழுப்பு. நான் அதைத் தொட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். என் சின்ன மிஷின் குப்பி மங்கிய மஞ்சள். மற்ற இரண்டும் கிட்டத்தட்டக் குழாய்த் தண்ணீர் போலவே இருந்தன. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. கணவர் சட்டென்று ஒன்றைக் காட்டி இதுதான் உயர்ந்த திரவம் என்றார். தூக்கிப் பார்த்தால் அது சாதா சோப்பு.

அப்போதுதான் அக்கா அந்த வாரத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "ஆக, உறிஞ்சறதுலதான் சூட்சுமம். புட்டியில இல்ல."

பெட்டியோடு வந்த பதினான்கு பிரஷ்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பிலும் தையலிலும் விட்டுப் பார்த்தார். தையல் இடுக்கில் அவருடைய பழைய டூத் பிரஷ் போன இடத்துக்கு அவற்றில் ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் காய்கிற விஷயத்தில் மிஷினை அடிக்க ஆளில்லை. கையால் செய்தது மறுநாள் வரை ஈரமாக இருந்தது. மிஷின் ஓட்டிய இடத்தில் மூன்று மணி நேரத்தில் உட்காரலாம்.

வேறு ஆளாக இருந்தால் இதோடு விட்டிருப்பார். நுரையக்கா நேராகப் பல் டாக்டரம்மாவிடம் போனார். அவருடைய கிளினிக்கில் காத்திருக்கும் அறை இருக்கைகளை ஆறு வருடமாக அக்காதான் செய்கிறார். "டாக்டர், நான் இத்தனை நாளா மேலாப்புலதான் சுத்தம் பண்ணியிருக்கேன். அடியில அழுக்கு அப்படியே இருக்கு. காசு வேணாம், ஒரு தடவை திரும்பப் பண்ணித் தர்றேன்" என்றார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "என் தொழில்ல தினமும் இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன். பல்லு மேல பளபளன்னு இருக்கும், அடியிலதான் சமாசாரம். ஆனா இதுவரைக்கும் யாரும் தானா வந்து எங்கிட்ட ஒத்துக்கிட்டதில்ல. பண்ணுங்க."

ஆர்வக்கோளாறில் அக்கா தண்ணீரை அதிகமாகப் பீய்ச்சிவிட்டார். மறுநாள் எல்லா இருக்கைகளும் ஈரம் காயாமல், வட்டம் வட்டமாக நீர்க்கறையோடு இருந்தன. பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடியே, ஒரு முறை தண்ணீர் விட்டால் மூன்று முறை வெறுமனே உறிஞ்ச வேண்டும் என்று அந்த இடத்திலேயே கற்றுக்கொண்டு, மத்தியானத்துக்குள் வட்டங்களை எடுத்துவிட்டார்.

வாரம் முடிந்து விற்பனையாளர் வந்தார். நானும் போயிருந்தேன்.

"மிஷின் வேணும் தம்பி. வேற எதுவும் வேணாம். திரவம், பிரஷ்ஷு எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கங்க, விலையில கழிச்சுடுங்க."

"அதெல்லாம் ஒரே செட்டுக்கா. பிரிச்சுத் தரமாட்டாங்க."

அக்கா குப்பிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். விற்பனையாளர் மூன்றாவதையும் நான்காவதையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். பிறகு அலுவலகத்துக்கு போன் போட்டு, வராந்தாவில் நடந்தபடி அரைமணி நேரம் பேசினார். திரும்பி வந்தவர், "கழிச்சுக்கலாம். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை எங்க கடைக்கு வந்து நீங்களே ஓட்டிக் காட்டணும்" என்றார்.

"வர்றேன். ஆனா மைக்கறைய மிஷின் எடுக்காதுன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"புட்டி வேணாம்னும் சொல்லுவேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதைக் கேட்டா மட்டும் சொல்லுங்கக்கா."

புது ஸ்கூட்டருக்கென்று சேர்த்துவைத்த பணம் மிஷினுக்குப் போயிற்று. சனிக்கிழமைகளில் கடைக்கு வருகிறவர்கள், இவ்வளவு விலை கொடுக்கலாமா என்று கேட்டால் அக்கா எதிர்க்கேள்வி போடுவார். "வாரத்துக்கு எத்தனை சோபா பண்ணுவீங்க? பத்துன்னா யோசிக்காம வாங்குங்க. மாசத்துக்கு ஒண்ணுன்னா சின்ன மிஷின் போதும். வருஷத்துக்கு ஒண்ணுன்னா அதுவும் வேணாம், என்னைக் கூப்பிடுங்க." இப்படிப் பேசியும் விற்பனை கூடியிருக்கிறது என்று விற்பனையாளர் என்னிடம் வியந்தார்.

போன செவ்வாய்க்கிழமை லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் நாலாவது மாடியில் வேலை. மிஷினைத் தூக்குவது இப்போது கணவர் பொறுப்பு. பஸ்ஸுக்கு நிறுத்தம் போல ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இறக்கிவைத்து மூச்சு வாங்குவார். சத்தம் கேட்டு வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து என்ன இது என்று கேட்பார்கள். அவருக்கும் பேச்சுக் கொடுக்க ஆள் கிடைத்தால் போதும். முதல் மாடியில் ஒரு சோபா செட், இரண்டாம் மாடியில் ஆறு சாப்பாட்டு மேஜை நாற்காலிகள், மூன்றாம் மாடியில் ஒரு மெத்தை.

மேலே போய்ச் சேர்ந்தபோது அக்கா ஏற்கனவே நுரையடித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரம் ஏறுவீங்க?" என்றார்.

"மூணு வீட்டு வேலையோட ஏறி வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் பிளக் எங்கே இருக்கிறது என்று தேடப் போனார்.