நூற்றிருபது மூட்டை

கிழங்கை முறித்துப் பார்த்துக்கொண்டேதான் கண்ணாயி அக்கா போனில் பேசுவார். உள்ளே வெள்ளையாக இருந்தால் குரல் கறாராக இருக்கும். நீலக்கோடு ஓடிக் கெடத் தொடங்கியிருந்தால் "சாமி", "கண்ணு" என்று குழைந்துவிடும். அன்று மூன்றாவது கிழங்கிலேயே குழைந்துவிட்டது.

மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டில் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, லோடு சேர்ப்பவர் அவர். நூற்றிருபது மூட்டைக்குக் குறைந்தால் லாரி மலையேறாது. தனியாளாக அவ்வளவு விளைவிப்பவர் இங்கே யாருமில்லை. காடு காடாகப் போய்ப் பேசித்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தவர் பேரில் லோடு போகும். அடிவாரத்து ஜவ்வரிசி மில் வாசலில் "கண்ணாயி லோடு!" என்று கூப்பிடுவார்கள். அதைக் காதால் கேட்பதற்கென்றே பதினோரு வருடமாக லாரியில் கூடப் போய்வருகிறார்.

டில்லியில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத வாரம் அது. செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டே டிவியைப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"மானங்கெட்டவங்க! ஓட்டு எண்ணி முடிச்சும் எனக்கு ரயிலு, உனக்கு ரோடுன்னு பேரம் பேசிக்கிட்டு இருக்கறாங்க பாருங்க. நம்மூர்ல இப்படிப் பண்ணுவமா?"

அப்போது அவர் கையில் எழுபத்தெட்டு மூட்டை இருந்தது. பெரிய காட்டுக்காரர் செல்லமுத்து போனில் "வாரேன்" என்றதை நம்பி, அக்கா ஆள்விட்டுத் தன் கிழங்கையும் என்னைப் போன்றவர்களுடையதையும் பிடுங்கிவிட்டார். கோட்டைவிட்டது அங்கேதான். பிடுங்கிய கிழங்கு மூன்று நாளைத் தாண்டினால் மில்லில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வருட உழைப்பும் மாட்டுக்குத்தான். இரண்டு நாள் போய்விட்டது. லோடில் இன்னும் சேராத செல்லமுத்துவின் முப்பதும் ராசப்பனின் பதினைந்தும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன.

ராசப்பன் மருமகனுக்குக் கேபினில் இடம் கேட்டார். கொடுத்தாயிற்று. லாரி தன் காட்டு முனைக்கே வர வேண்டும் என்றார். அதுவும் சரி. எட்டு மூட்டைக்காரனான என்னிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னுடையது நிபந்தனையற்ற ஆதரவு. வேறு போக்கிடம் இல்லாதவன் கொடுப்பதற்கு அப்படி ஒரு கௌரவமான பெயர்.

சாயங்காலம் செல்லமுத்து வந்து சாவகாசமாக உட்கார்ந்தார்.

"லோடு எம்பேர்ல போவட்டும் கண்ணாயி. ஒரே ஒரு தடவ."

"ஏனுங்கண்ணா, முப்பது மூட்டைக்கு நூத்தியிருவது மூட்டைப் பேரு கேக்குதாக்கும்?"

"வேண்டாம்னா உட்ரு. எங்கெழங்கு மண்ணுலதான இருக்குது, அதுக்கென்ன அவசரம்?"

அக்கா ஒரு கிழங்கை எடுத்து முறித்தார். உள்ளே பார்க்காமலே போட்டார்.

"வெச்சுக்குங்க. பேருதான?" என்றார். கண் கலங்கிவிட்டது. என் எட்டு மூட்டையும் அங்கேதான் கிடந்தது, நானும் சரியென்று தலையாட்டினேன்.

மறுநாள் மதியம் லாரி வந்தது. நூற்றிருபத்து மூன்று மூட்டை ஏறிற்று. கேபினில் செல்லமுத்துவும் ராசப்பன் மருமகனும் நிறைந்திருக்க, அக்கா மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"செல்லமுத்து லோடு, போலாமுங்களா?" என்றார் டிரைவர்.

"போலாம், போலாம்" என்றார் செல்லமுத்து, வெற்றிலைச் சிவப்பாகச் சிரித்து.

வண்டி நகரவில்லை. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே பார்த்தார். அக்கா கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். முந்தானையை உதறிச் செருகினார். பிறகு, செல்லமுத்துவின் தலைக்கு நேர்மேலே, கேபின் கூரையில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். லாரி கிளம்பியது.